அம்பருக்குள் அடைபட்ட தேனீ எந்த இனம் என்று எப்படிச் சொல்வது?

பிசின்துளி எழுதியது:

வணக்கம். பூச்சி அடங்கிய அம்பர் (இறுகிப்போன பழைய மரப்பிசின்) துண்டுகளை இப்போதுதான் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். கடைசியாக வந்த துண்டில் இரண்டு தேனீக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். விற்றவர் "டொமினிக்கன் அம்பர், 4 கோடி ஆண்டு, தேன் எடுக்கும் தேனீ" என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறார். சீட்டை நம்பி அப்படியே பெட்டியில் போட மனம் வரவில்லை. இவை உண்மையில் எந்தக் குடும்பம், எந்தப் பேரினம் என்று நானே பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? கையில் ஒரு ஸ்டீரியோ நுண்ணோக்கி இருக்கிறது. இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரே புதைபடிவத்தை ஒருவர் தேனீ என்கிறார், இன்னொருவர் குளவி என்கிறார், இருவரும் படித்தவர்கள். அது எப்படி?

இறக்கைநரம்பு எழுதியது:

முடியும், ஆனால் எந்தப் படி வரை முடியும் என்பதைப் பூச்சி கிடக்கிற கிடையும் பிசினின் தெளிவும்தான் முடிவு செய்யும். சிலவற்றில் இனம் வரை போகலாம், சிலவற்றில் குடும்பத்தோடு நின்றுவிட வேண்டும். நிற்கத் தெரிவது இந்த வேலையில் பெரிய விஷயம்.

முதலில் அந்தச் சீட்டு. ஏபிஸ் பேரினம், அதாவது கூட்டில் வைத்து நாம் தேன் எடுக்கும் தேனீ, டொமினிக்கன் அம்பரிலிருந்து பதிவானதில்லை. அங்கே கிடைக்கும் தேனீக்களில் மிகப் பெரும்பான்மை கொடுக்கில்லாத சின்னத் தேனீக்கள், நம் கொசுத்தேனீயின் உறவு. 1964ல் வில்லேயும் சாண்ட்லரும் விவரித்த இனம்தான் இன்று புரோபிளீபியா டொமினிக்கானா என்று அழைக்கப்படுகிறது. கூடு கட்டப் பிசின் சேகரிக்கிற தேனீ அது, பிசின் வடியும் மரத்துக்கே தேடிப் போய் அதிலேயே மாட்டிக்கொண்டது. அதனால்தான் இத்தனை கிடைக்கிறது. 4 மில்லிமீட்டர் என்றதும் எனக்கு முதலில் அதுதான் தோன்றுகிறது.

ஆனால் தோன்றுவதை வைத்து பெயர் எழுதக் கூடாது. அதே அம்பரில் ஹாலிக்டிடே குடும்பத்து ஒலிகோக்ளோரா இருக்கிறது, கொல்லெட்டிடே குடும்பத்துச் சிலிகோலா இருக்கிறது, ஆண்ட்ரெனிடே குடும்பத்துச் சிறு தேனீ ஒன்றும் இருக்கிறது. யூக்ளோசா மோரோனெய் என்ற ஆர்க்கிட் தேனீகூட உண்டு, அது உருவத்தில் பெரியது, உங்கள் துண்டில் இருக்க வாய்ப்பில்லை. "பெரும்பாலும் இதுதான் கிடைக்கும், ஆகவே இதுவும் அதுதான்" என்று எழுதினால் அரிதான ஒன்று கையில் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

அதற்கும் முன்னால் அது அம்பர்தானா என்று பாருங்கள். சூடான ஊசி வைத்துச் சோதிக்கச் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள், துண்டில் தழும்பு விழும்.

கல்லடுக்கு எழுதியது:

நரம்பு அக்கா சொன்னதோடு வயதைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். டொமினிக்கன் அம்பருக்கு 4 கோடி ஆண்டு என்பது பழைய கணக்கு. சுரங்கப் படிவுகளைச் சரியாக ஆராய்ந்த பிறகு இப்போது மயோசீன் காலம், 1.5 முதல் 2 கோடி ஆண்டு என்றுதான் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். மூலமரம் ஹைமினேயா புரோட்டெரா, அற்றுப்போன ஒரு பயறுக் குடும்ப மரம். விற்பவர்கள் பழைய எண்ணை விடமாட்டார்கள், வயது கூடினால் விலை கூடுகிறது.

சோதனைக்கு வருவோம். நிறைவான உப்புக் கரைசலில் அம்பர் மிதக்கும், பாலியஸ்டர் பிளாஸ்டிக்கும் பேக்கலைட்டும் மூழ்கும். பாலிஸ்டைரீன் மட்டும் மிதக்கும், கோபாலும் மிதக்கும், அதனால் மிதந்ததுமே நிம்மதி அடைய வேண்டாம். கோபால் என்பது இன்னும் முழுதாக இறுகாத இளம் பிசின். அதில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்தால் மேற்பரப்பு பிசுபிசுக்கும், முதிர்ந்த அம்பர் அசையாது. பூச்சிக்குத் தொலைவான ஓரத்தில் வைத்துப் பாருங்கள். கோபாலிலும் கொடுக்கில்லாத் தேனீக்கள் ஏராளம், கொலம்பியாவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வருகின்றன. அவற்றில் பல இன்று உயிரோடு இருக்கும் இனங்களே. அற்றுப்போன இனம் என்று நினைத்து அதில் ஒன்றை வகைப்படுத்த உட்கார்ந்தால் மொத்த உழைப்பும் வீண்.

ஆய்வகம் கிடைத்தால் அகச்சிவப்பு நிறமாலை எடுக்கலாம். ஐரோப்பாவின் பால்டிக் கடல் பகுதி அம்பருக்கு அலை எண் 1250க்கும் 1175க்கும் இடையில் ஒரு சமமான தோள் போன்ற பகுதி வரும், அதைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். டொமினிக்கனுக்கு அந்தத் தோள் இருக்காது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், பிசின் அசலாக இருந்தாலும் பூச்சி அசலாக இருக்க வேண்டியதில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பால்டிக் அம்பருக்குள் ஒரு ஈ இருந்தது, ஃபேனியா ஸ்கலாரிஸ், இன்றும் வாழும் இனம். பெரிய நிபுணர் ஹென்னிக் அதை 1966ல் ஆராய்ந்து உண்மை என்றே எழுதினார். 1993ல் ஆண்ட்ரூ ராஸ் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அம்பரை இரண்டாகப் பிளந்து, குடைந்து, ஈயை வைத்து ஒட்டியிருந்தது தெரிந்தது. ஆகவே விளிம்பில் ஒட்டுக்கோடு ஓடுகிறதா, பூச்சியைச் சுற்றி மட்டும் வேறு நிறமா, பிசினின் ஓட்டக் கோடுகள் பூச்சியைத் தழுவிப் போகின்றனவா இல்லை வெட்டுப்பட்டு நிற்கின்றனவா என்று பாருங்கள்.

பிசின்துளி எழுதியது:

இருவருக்கும் நன்றி. உப்புக் கரைசலில் மிதந்தது. அசிட்டோன் வைத்த ஓரம் கெட்டியாக, பளபளப்பு குறையாமல் இருக்கிறது. புறஊதா விளக்கில் நீலமாக ஒளிர்கிறது. ஓட்டக் கோடுகள் இரண்டு தேனீக்களையும் சுற்றி வளைந்து போகின்றன, ஒட்டு எதுவும் தெரியவில்லை. முதல் தேனீ பக்கவாட்டில் கிடக்கிறது, வலது முன்னிறக்கை விரிந்து தட்டையாக இருக்கிறது. இரண்டாவது மல்லாந்து கிடக்கிறது, கால்கள் மேலே. மேற்பரப்பு வளைவாக இருப்பதால் எதைப் பார்த்தாலும் நெளிந்து தெரிகிறது. இனி எங்கிருந்து தொடங்குவது?

இறக்கைநரம்பு எழுதியது:

நல்ல துண்டு. நெளிவுக்கு முதலில் வழி சொல்கிறேன். அம்பரின் ஒளிவிலகல் எண் 1.54 அளவில். காற்றிலிருந்து நேரே வளைந்த பரப்பின் வழியே பார்த்தால் எல்லாம் கோணும். மேலே ஒரு சொட்டு கிளிசரினோ கெட்டியான சர்க்கரைப் பாகோ வைத்து அதன்மேல் மெல்லிய கண்ணாடித் தகட்டைப் போட்டுப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பார்த்து முடித்ததும் துடைத்துவிடுங்கள். தேய்த்து மெருகேற்றுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இறக்கை. ஒரு அம்பர் தேனீயில் உங்களுக்கு ஒரே ஒரு பாகம்தான் தெளிவாகத் தெரியும் என்றால் அது முன்னிறக்கையாக இருக்கட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொள்வேன். நரம்புகளும் அவற்றுக்கு இடையிலுள்ள அறைகளும் நிறம் மாறாது, சுருங்காது, இன்றைய தேனீயோடு கோட்டுக்குக் கோடு ஒப்பிடலாம். முன்விளிம்பில் ஒரு கருத்த திட்டு இருக்கும், அதற்கு வெளியே நீளும் பெரிய அறை விளிம்பறை. அதற்குக் கீழே வரிசையாக இரண்டோ மூன்றோ துணைவிளிம்பறைகள். மூன்றா இரண்டா என்று எண்ணுங்கள். இரண்டு இருந்து, ஏறக்குறைய ஒரே அளவாகவும் இருந்தால் மெகாக்கிலிடே, அதாவது இலைவெட்டித் தேனீ குடும்பத்தை நினைக்கலாம். இறக்கையின் அடிப்பகுதியில் குறுக்கே எழும் அடிநரம்பு வில்லாக வளைந்திருந்தால் ஹாலிக்டிடே. கொடுக்கில்லாத் தேனீயில் இந்த நரம்பமைப்பே குறைந்துபோயிருக்கும். விளிம்பறை நுனியில் மூடாமல் திறந்து நிற்கும், துணைவிளிம்பறைகளைப் பிரிக்கும் குறுக்கு நரம்புகள் மங்கியிருக்கும், அல்லது இல்லவே இல்லை. ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் பிறகு எந்தக் கூட்டத்திலும் கண்ணில் படும்.

அப்புறம் பின்கால். மல்லாந்து கிடக்கும் உங்கள் இரண்டாவது தேனீ இதற்கென்றே கிடைத்தது போல. பின்கால் டிபியா, அதாவது தொடைக்கு அடுத்த நீண்ட துண்டு, அகன்று, வெளிப்புறம் வழவழப்பாகக் குழிந்து, ஓரங்களில் மட்டும் நீண்ட மயிர் வளைந்து நின்றால் அது மகரந்தக் கூடை. கூடை உள்ள தேனீக்கள் எல்லாம் ஏபிடே குடும்பத்தில் ஒரே கிளை: தேன் எடுக்கும் தேனீ, பம்பிள் தேனீ, ஆர்க்கிட் தேனீ, கொடுக்கில்லாத் தேனீ, அவற்றோடு அற்றுப்போன சில வரிசைகள். டிபியாவின் நுனியில் முள் இருக்கிறதா பாருங்கள். பம்பிள் தேனீக்கும் ஆர்க்கிட் தேனீக்கும் உண்டு, ஏபிஸுக்கும் கொடுக்கில்லாதவற்றுக்கும் இல்லை. டிபியாவும் அடுத்த துண்டும் சேரும் இடத்தில் மகரந்தத்தை அழுத்தும் ஒரு மடல் ஏபிஸுக்கு உண்டு, கொடுக்கில்லாத் தேனீக்கு அது கிடையாது. பெரும்பாலான கொடுக்கில்லாத் தேனீக்களில் அந்த மூலையில் கெட்டியான ஒரு மயிர்க்குச்சம் இருக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பிரிந்துவிடும்.

முகத்துக்குக் கடைசியில் வாருங்கள், ஏனென்றால் அம்பரில் முகம் தெளிவாகக் கிடைப்பது அதிர்ஷ்டம். உணர்கொம்புக்குழிக்குக் கீழே இரண்டிரண்டு கோடுகள் ஓடினால் ஆண்ட்ரெனிடே. நாக்கு நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் கொல்லெட்டிடே. நாக்கு வெளியே நீட்டியிருந்தால் மட்டுமே இது தெரியும், உள்ளே மடங்கியிருந்தால் ஒன்றும் செய்ய இயலாது. உணர்கொம்புத் துண்டுகளை எண்ணுங்கள்: பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. இதை எண்ணாமல் விட்டுவிட்டு ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக எழுதும் ஆபத்து எப்போதும் உண்டு. தேனீயில் ஆணும் தொழிலாளியும் அவ்வளவு வேறாக இருக்கும். புரோபிளீபியா டொமினிக்கானாவின் ஆணை 2000ல் கமார்கோ, கிரிமால்டி, பெத்ரோ மூவரும் மறுபடி விரிவாக விவரிக்க வேண்டியிருந்தது.

குளவிக்கூடு எழுதியது:

அக்கா, இத்தனை தேவையா? மயிரைப் பார்த்தால் போதாதா? கிளைவிட்ட மயிர் இருந்தால் தேனீ, இல்லாவிட்டால் குளவி. பிசின்துளியின் இரண்டாவது கேள்விக்கும் அதுவே பதில் என்று நினைக்கிறேன்.

இறக்கைநரம்பு எழுதியது:

போதாது, அதற்கு மெலிட்டோஸ்ஃபெக்ஸ் பர்மென்சிஸே சாட்சி. மியான்மரின் ஹுகாவ்ங் பள்ளத்தாக்கு அம்பர், ஏறக்குறைய 10 கோடி ஆண்டு. 3 மில்லிமீட்டர்கூட இல்லாத ஓர் ஆண். 2006ல் போய்னாரும் டான்ஃபோர்த்தும் அதை மிகப் பழைய தேனீ என்று அறிவித்தார்கள். ஆதாரம் நீங்கள் சொல்லும் அதே கிளைமயிர்தான். ஆனால் அதன் பின்காலில் டிபியாவுக்கு அடுத்த துண்டு குளவியைப் போல மெலிந்திருக்கிறது, நடுக்கால் டிபியாவில் இரண்டு முட்கள், குளவிகளில் இருப்பதுபோல. தேனீக்கு அந்த இடத்தில் ஒன்றுதான்.

இப்போது யோசியுங்கள். தேனீக்கள் குளவிகளுக்குள்ளிருந்தே பிரிந்தவை. அம்மோபிளானிடே என்ற மிகச் சிறிய குளவிகள்தான் இன்றுள்ளவற்றில் தேனீக்களுக்கு மிக நெருங்கிய உறவு என்று மரபணு ஆய்வுகள் 2018ல் காட்டின. பிரிந்த காலத்துக்கு அருகில் போகப் போக இரண்டு பக்கத்துப் பண்புகளும் கலந்துதான் கிடைக்கும். கிளைமயிர் முதலில் வந்து, அகன்ற காலும் மகரந்த உணவும் பிறகு வந்திருக்கலாம். அல்லது கிளைமயிர் வேறொரு குளவி வரிசையில் தனியாகத் தோன்றியிருக்கலாம். ஒரே பண்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லும்போது இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால்தான் சிலர் அதைத் தேனீயின் அடிமரத்தில் வைக்கிறார்கள், சிலர் குளவிப் பக்கத்தில் தனிக் குடும்பமாக வைக்கிறார்கள். இரண்டாவதாகச் சொன்னவர்களின் வாதம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது.

குளவிக்கூடு எழுதியது:

ஆனால் தேனீக்கள் 12 கோடி ஆண்டுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று 2023ல் வந்த பெரிய மரபணு ஆய்வு சொல்கிறதே, தென்னமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் ஒன்றாக இருந்தபோது என்று. அப்படியானால் 10 கோடி ஆண்டு அம்பரில் தேனீ இருப்பதில் வியப்பு என்ன?

இறக்கைநரம்பு எழுதியது:

இருந்திருக்கலாம் என்பதும், இந்தத் துண்டில் இருப்பது அதுதான் என்பதும் வேறு வேறு. அந்தக் காலத்தில் தேனீ எங்கோ பறந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மெலிட்டோஸ்ஃபெக்ஸ் தேனீயா என்பதை மெலிட்டோஸ்ஃபெக்ஸின் உடம்பை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காலம் பொருந்துகிறது என்று புதைபடிவத்தைத் தேனீயாக்கி, பிறகு அதே புதைபடிவத்தை வைத்து மரபணுக் கடிகாரத்தை, அதாவது மரபணு மாற்றங்களை வைத்து வயது கணக்கிடும் முறையை, முடுக்கினால் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்போம். இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. ஒரு புதைபடிவத்தைத் தவறான கிளையில் வைத்தால் அதைச் சார்ந்து கணக்கிட்ட எல்லா வயதும் நகர்ந்துவிடும்.

2020ல் அதே அம்பரிலிருந்து டிஸ்கோஸ்காப்பா என்ற இன்னொன்று வந்தது, உடம்பில் மகரந்தத் துகளோடும் வண்டுப் புழுக்களோடும். மகரந்தம் ஒட்டியிருப்பது பூவுக்குப் போனதைச் சொல்கிறது. பூவுக்குக் குளவியும் போகும். அதை வைத்துக் குஞ்சுக்கு மகரந்தம் ஊட்டியது என்று சொல்லிவிட முடியாது.

கல்லடுக்கு எழுதியது:

வயது தவறாகும் கதைக்கு கிரெட்டோட்ரிகோனாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சி அம்பர், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகச் சேகரிப்பில் இருந்த ஒரு கொடுக்கில்லாத் தொழிலாளித் தேனீ. 1988ல் மிச்சனரும் கிரிமால்டியும் இன்றும் வாழும் ட்ரிகோனா பேரினத்திலேயே வைத்து, 8 கோடி ஆண்டு என்றார்கள். 2000ல் எங்கெல் அதைத் தனிப் பேரினமாக்கினார், வயதும் கிரெட்டேசியத்தின் கடைசிக்கு, 6.5 முதல் 7 கோடிக்குள் இறங்கியது. உடம்பைப் படித்து வகைப்படுத்துவது ஒரு வேலை, அது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று நிறுவுவது இன்னொரு வேலை. இரண்டில் ஒன்று ஆடினாலும் முடிவு ஆடும்.

பால்டிக்பிரியன் எழுதியது:

அற்றுப்போன வரிசைகள் என்று அக்கா ஒரு வரியில் கடந்துவிட்டார், எனக்கு அங்கேதான் மனம் நிற்கிறது. பால்டிக் அம்பரை, அதாவது இயோசீன் காலத்து ஐரோப்பியக் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கூடை உள்ள தேனீக்கள் ஏராளம், ஆனால் இன்றுள்ள நான்கு வரிசைகளில் எதிலும் அடங்காதவை. எலெக்ட்ராபினி, எலெக்ட்ரோபாம்பினி, மெலிகெர்ட்டினி என்று மூன்று டிரைப்புகள், மூன்றும் முழுதாக அழிந்தவை. டிரைப் என்பது குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் நடுவில் வரும் படி, புதியவர்களுக்காகச் சொல்கிறேன். மெலிகெர்ட்டினி குஜராத்தின் காம்பே அம்பரிலும் கிடைத்தது, அது பால்டிக்கைவிடப் பழையது, ஏறக்குறைய 5 கோடி ஆண்டு.

1906ல் பியூட்டல்-ரீப்பன் இவற்றில் ஒன்றை ஏபிஸ் மெலிபோனாய்டெஸ் என்று, தேன் எடுக்கும் தேனீயின் பேரினத்திலேயே வைத்தார். பெயரைப் பாருங்கள், ஏபிஸ்தான் ஆனால் மெலிபோனா (கொடுக்கில்லாத் தேனீப் பேரினம் ஒன்று) போலவும் இருக்கிறது என்கிறது. 1908ல் காக்கரெல் எலெக்ட்ராபிஸ் என்று பிரித்தார். பிறகு 2001ல் எங்கெல் பால்டிக் தேனீக்கள் அத்தனையையும் திரட்டி ஒரே நூலாக எழுதியபோதுதான் இவை ஏபிஸும் இல்லை, கொடுக்கில்லாதவையும் இல்லை, தமக்கென்று தனி வரிசைகள் என்பது நிலைபெற்றது. அதே நூலில் பேலியோமெலிட்டிடே என்று ஒரு முழுக் குடும்பத்தையே அவர் புதிதாக நிறுவினார். இன்று உயிரோடு இருக்கும் தேனீக் குடும்பங்கள் ஏழு, இனங்கள் 20,000க்கும் மேல். அவற்றை மட்டும் பார்த்தால் கூட்டமாக வாழும் தேனீக்கள் என்றால் இரண்டு மூன்று வரிசை என்று நினைப்போம். அன்று அதைவிடப் பல மடங்கு வகை இருந்து, பெரும்பகுதி போய்விட்டது.

வருத்தமான செய்தி ஒன்றும் உண்டு. அந்தப் பழைய ஆய்வுகள் நடந்த கோனிக்ஸ்பெர்க் சேகரிப்பில் 1,00,000க்கும் மேற்பட்ட துண்டுகள் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் அதன் பெரும்பகுதி தொலைந்தது, ஒரு பகுதி கோட்டிங்கன் போய்த் தப்பியது. மூலமாதிரி, அதாவது ஓர் இனத்தின் பெயருக்கு ஆதாரமான துண்டு, தொலைந்துவிட்டால், நூறு ஆண்டுக்கு முந்தைய நாலு வரி விவரணையை வைத்துக்கொண்டு அந்த இனம் எது என்று தேட வேண்டியதுதான்.

பால்டிக் துண்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பூச்சியின் ஒரு பக்கத்தில் வெள்ளைப் பால் படலம் படிந்திருக்கும். அது பூசணம் இல்லை, உடல் அழுகியபோது வெளிவந்த நீரும் வாயுவும் பிசினில் நுண்குமிழிகளாகச் சிக்கியது. சுரண்டிப் பயனில்லை, மறு பக்கத்திலிருந்து பாருங்கள்.

புதுமுகம் எழுதியது:

இவ்வளவு சிரமம் ஏன்? டிஎன்ஏ எடுத்தால் ஒரே நாளில் தெரிந்துவிடாதா? புரோபிளீபியாவிலிருந்தே எடுத்ததாகப் படித்திருக்கிறேன்.

இறக்கைநரம்பு எழுதியது:

1992ல் அப்படி ஓர் அறிவிப்பு வந்தது உண்மைதான், கானோ குழு. 1995ல் அதே தேனீயின் வயிற்றிலிருந்து பாக்டீரியாவை உயிர்ப்பித்ததாகவும் எழுதினார்கள். ஆனால் லண்டன் அருங்காட்சியகக் குழு 1997ல் அம்பர் பூச்சிகளில் திரும்பச் செய்து பார்த்தபோது பழைய டிஎன்ஏ எதுவும் வரவில்லை. 2013ல் அம்பரைவிட எவ்வளவோ இளமையான கோபாலில் இருந்த கொடுக்கில்லாத் தேனீயிலேயே புதிய கருவிகளை வைத்துத் தேடினார்கள், நம்பத்தகுந்த டிஎன்ஏ கிடைக்கவில்லை. பிசின் வடிவத்தைக் காக்கிறது, டிஎன்ஏவைக் காக்கவில்லை. எனவே உருவம் ஒன்றுதான் வழி.

கோணமானி எழுதியது:

உருவத்தை எண்ணாகவும் அளக்கலாம் என்பதை யாரும் சொல்லவில்லையே. இறக்கை நரம்புகள் சந்திக்கும் புள்ளிகளைக் குறித்து, அளவையும் சாய்வையும் நீக்கி, வடிவத்தை மட்டும் ஒப்பிடுகிற வடிவ அளவியல் இப்போது புதைபடிவத் தேனீக்களில் நன்றாகவே பயன்படுகிறது. கண்ணால் சொல்வதைவிட நடுநிலையானது. பழைய வகைப்பாடுகள் சிலவற்றை மறுபரிசீலனை செய்யவும் உதவியிருக்கிறது.

இறக்கைநரம்பு எழுதியது:

எனக்கும் பிடித்த முறைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இரண்டு எச்சரிக்கை. அம்பருக்குள் இறக்கை வளைந்தோ சாய்ந்தோ இருந்தால் படத்தில் புள்ளிகள் நகர்ந்துவிடும், கணிப்பான் அதை வடிவ வேறுபாடாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது இன்னும் முக்கியம். ஒப்பீட்டுத் தொகுப்பில் எந்தக் குழுக்கள் இருக்கின்றனவோ அவற்றுக்குள் மிக அருகிலுள்ளதில்தான் அது புதைபடிவத்தைக் கொண்டுபோய் வைக்கும். உண்மையான குழு அற்றுப்போய், தொகுப்பிலேயே இல்லை என்றால், எதிலும் சேராது என்று அது தானாகச் சொல்லாது. பால்டிக்பிரியன் சொன்ன எலெக்ட்ராபிஸை இன்றைய தேனீக்களை மட்டும் வைத்து ஓட்டினால் இன்றைய ஏதோ ஒன்றில் உட்காரும். ஆகவே எண்ணோடு காலையும் முகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கோணமானி எழுதியது:

தொகுப்பில் அற்றுப்போன குழுக்களின் இறக்கைகளையும் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும், அதில் நானும் உடன்படுகிறேன். சாய்வுக்கு மைக்ரோ சிடி ஸ்கேன் உதவும், முப்பரிமாணத்தில் இறக்கையைத் திருப்பித் தட்டையாக்கிக்கொள்ளலாம். 2011ல் புரோபிளீபியா அப்டிட்டா என்ற இனத்தையே எக்ஸ்ரே ஸ்கேனை வைத்து விவரித்தார்கள். ஒளி ஊடுருவாத அம்பரைக்கூட கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரானில் (மிக வலுவான எக்ஸ்ரே தரும் பெரிய கருவி) படம் எடுத்திருக்கிறார்கள். வீரியமான கதிரில் அம்பர் கருத்துப்போகக்கூடும், அதை மட்டும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பிசின்துளி எழுதியது:

சர்க்கரைப் பாகும் கண்ணாடித் தகடும் வைத்ததும் காட்சியே மாறிவிட்டது. பார்த்ததை எழுதுகிறேன். முதல் தேனீயின் முன்னிறக்கையில் விளிம்பறை நுனியில் மூடவில்லை. அதற்குக் கீழே குறுக்கு நரம்பு எதுவும் அழுத்தமாக இல்லை, ஒரு மங்கலான கோடு மட்டும். அடிநரம்பு வில்லாக இல்லை. இரண்டாவது தேனீயின் பின்கால் டிபியா நுனிப்பக்கம் அகன்று முக்கோணம் போல இருக்கிறது, வெளிப்புறம் வழவழப்பு, ஓரத்தில் நீண்ட மயிர். நுனியில் முள் இல்லை. உணர்கொம்பு இரண்டிலும் 12 துண்டு. முகம் தெளிவில்லை. இன்னொன்று, இரண்டாவது தேனீயின் ஒரு பின்காலில் மஞ்சளாக ஓர் உருண்டை ஒட்டியிருக்கிறது. இது புதிய இனமாக இருந்தால் பெயர் வைக்கலாமா?

இறக்கைநரம்பு எழுதியது:

அழகாகப் பார்த்திருக்கிறீர்கள். கூடை, முள் இல்லாத டிபியா, குறைந்த நரம்பமைப்பு, மூன்றும் சேர்ந்தால் கொடுக்கில்லாத் தேனீ, அதாவது மெலிபோனினி. 12 துண்டும் கூடையும் சேர்ந்தால் தொழிலாளி. டொமினிக்கன் அம்பர் என்பது உறுதியானால் பேரினம் புரோபிளீபியா என்று எழுதலாம். பேரினத்தோடு நிறுத்துங்கள், இனப் பெயர் வேண்டாம். டொமினிக்கானா தவிர டான்ட்டில்லா, வெட்டுலா, அப்டிட்டா எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்க முகமும் அளவுகளும் தேவை, உங்கள் துண்டில் முகம் தெரியவில்லை.

பெயர் வைப்பது பற்றி: விலங்கியல் பெயரிடல் விதிப்படி புதிய இனத்துக்கு ஒரு மூலமாதிரியைக் குறிப்பிட வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது, இருக்கப்போகிறது என்றும் எழுத வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரை என்றால் 2012லிருந்து ஸூபேங்க் (விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடு) பதிவும் தேவை. தனியார் பெட்டியில் இருக்கும் மூலமாதிரியை விதி தடுக்கவில்லை, ஆனால் நான் கடுமையாக எதிர்ப்பேன். அடுத்த ஆய்வாளர் போய்ப் பார்க்க முடியாத துண்டை வைத்து எழுதிய பெயர், கோனிக்ஸ்பெர்க்கில் தொலைந்த மாதிரியின் நிலைமைக்குத்தான் போய்ச் சேரும்.

குளவிக்கூடு எழுதியது:

மியான்மர் அம்பர் வாங்க நினைப்பவர்களுக்கும் இங்கேயே ஒரு வார்த்தை. 2017 ஜூனில் அந்தச் சுரங்கப் பகுதி இராணுவத்தின் கைக்குப் போனது. அதற்குப் பிறகு வந்த துண்டுகளை வைத்து எழுதும் கட்டுரைகளை வெளியிட வேண்டாம் என்று முதுகெலும்பிகளின் தொல்லுயிரியல் சங்கம் 2020ல் ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. எவ்வளவு பழைய தேனீ கிடைத்தாலும் நான் அதை வாங்கப் போவதில்லை.

பால்டிக்பிரியன் எழுதியது:

நான் இதில் பாதி உடன்படுகிறேன். முன்பே வெளியே வந்து அருங்காட்சியகங்களில் இருப்பதைப் படிக்காமல் விட்டால் யாருக்கும் நன்மை இல்லை, உள்ளூர் ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொண்டு படிக்க வேண்டும். புதிதாகச் சந்தைக்கு வருவதை வாங்குவது வேறு, அதில் நீங்கள் சொல்வது சரி.

பிசின்துளி எழுதியது:

புரிந்தது, சீட்டை மாற்றி எழுதுகிறேன். அந்த மஞ்சள் உருண்டை என்ன? மகரந்தமா?

இறக்கைநரம்பு எழுதியது:

மகரந்தமாகவும் இருக்கலாம், கூட்டுக்குக் கொண்டுபோன பிசினாகவும் இருக்கலாம், இரண்டும் இந்தத் தேனீக்களில் கிடைத்திருக்கின்றன. உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். துகள் துகளாக, ஒரே அளவில் தெரிந்தால் மகரந்தம். கண்ணாடி போல ஒரே பிண்டமாக இருந்தால் பிசின். மகரந்தம் என்றால் எந்தச் செடி என்று கேட்கலாம், அங்கே கதை பெரிதாகும். 2007ல் இதே புரோபிளீபியா டொமினிக்கானா ஒன்றின் முதுகில் ஆர்க்கிட் பூவின் மகரந்தத் திரள் ஒட்டியிருப்பதைக் கண்டு மெலியார்க்கிஸ் கரீபியா என்று பெயர் வைத்தார்கள். ஆர்க்கிட்டுக்குக் கிடைத்த முதல் ஐயமற்ற புதைபடிவம் அதுதான். அதை வைத்து ஆர்க்கிட் குடும்பத்தின் பொது மூதாதை 7.6 முதல் 8.4 கோடி ஆண்டுக்கு முந்தையது என்று கணக்கிட்டார்கள். அந்தத் தேனீ வரிசையோ டொமினிக்கன் அம்பர் கிடைக்கும் தீவில் இன்று இல்லை.

அதனால் அந்தக் கால் இருக்கும் பக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் தேய்க்காதீர்கள். மெருகேற்ற வேண்டியிருந்தால் முதல் தேனீயின் இறக்கைப் பக்கத்தை மட்டும், அதுவும் ஈரத்தோடு, மெதுவாக. வெளிச்சமும் வெப்பமும் படாத இடத்தில் வையுங்கள், அம்பர் காற்றில் மெல்ல மெல்ல வெடிப்பு விடும். சீட்டில் இப்படி எழுதுங்கள்: புரோபிளீபியா, இனம் உறுதி செய்யப்படவில்லை, இரண்டு தொழிலாளிகள், டொமினிக்கன் அம்பர் என்று விற்றவர் சொன்னது, சுரங்கம் தெரியாது, பின்காலில் மஞ்சள் உருண்டை. விற்றவரின் பழைய சீட்டையும் தூக்கி எறியாமல் அதோடு வையுங்கள், அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று பின்னால் ஒருவர் தேடும்போது அதுதான் கையில் இருக்கும்.

பிசின்துளி எழுதியது:

எழுதிவிட்டேன் அக்கா. உருண்டையை நாற்பது மடங்கில் பார்த்தேன், துகள் எதுவும் தெரியவில்லை, ஆனால் மேலே ஒரு குமிழி மறைக்கிறது. வேறு கோணத்தில் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.